எந்தக் கிளினிக்கில் சீக்கிரம் தேதி கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு

இந்த மாதம் மட்டும் நான்கு பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள், முப்பதைத் தாண்டியவர்கள். "அக்கா, ஏடிஎச்டி அசெஸ்மென்ட்டுக்கு எந்தக் கிளினிக்கில் சீக்கிரம் தேதி கிடைக்கும்?" கவனம் நிற்காமை, படபடப்பு போன்ற சிரமங்கள் சின்ன வயதிலிருந்தே தொடரும் ஏடிஎச்டி இருக்கிறதா என்று கண்டறியும் மதிப்பீட்டைத்தான் கேட்கிறார்கள். மூன்று வருடம் முன்பு நானும் இதையேதான் விசாரித்துக்கொண்டிருந்தேன். அதை மட்டுமே பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஆயிரம் பவுண்டும் ஒன்றரை வருடமும் போயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பகுதி என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) பட்டியலில் பெயர் கொடுத்தால் வருடக்கணக்கில் ஆகும் என்றார்கள். வேலையில் ஏற்கெனவே இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். பொறுக்க முடியாமல் காசு கட்டி ஒரு தனியார் இடத்தில் பதிவு செய்தேன். பத்தே நாளில் வீடியோ அழைப்பு. நான் நிரப்பி அனுப்பிய கேள்வித்தாளையே மதிப்பீடு செய்தவர் திரும்ப வாசித்தார், நான் ஆமாம் ஆமாம் என்றேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ரிப்போர்ட் வந்த அன்று நிம்மதியில் அழுதேன்.

அதை ஜிபியிடம், அதாவது நம் பகுதிக் குடும்ப டாக்டரிடம், கொண்டுபோனபோது அவர் ஷேர்டு கேருக்கு மறுத்துவிட்டார்.

இந்த வார்த்தையைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏடிஎச்டி மருந்தை இங்கே நிபுணர்தான் தொடங்க வேண்டும். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை எல்லாம் பார்த்துக்கொண்டே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, நமக்கு ஒத்துவரும் அளவைக் கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பிறகு ஜிபியே தொடர்ந்து எழுதித்தர ஒப்புக்கொள்வதுதான் ஷேர்டு கேர். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் கிடையாது. அவர் மறுத்தால் மாதா மாதம் தனியாரிடமே மருந்துச் சீட்டு வாங்க வேண்டும். மெத்தில்ஃபெனிடேட், லிஸ்டெக்ஸாம்ஃபெடமின் போன்றவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். பொதுவாக ஒரு தடவைக்கு 30 நாளுக்கு மேல் எழுத மாட்டார்கள். எனக்குச் சீட்டுக் கட்டணம், மருந்து விலை எல்லாம் சேர்த்து மாதம் நூறு பவுண்டைத் தாண்டியது. என்எச்எஸ் சீட்டு என்றால் பத்துப் பவுண்டுக்குள் முடிந்திருக்கும். ஐந்தாவது மாதம் நிறுத்திவிட்டேன்.

ஜிபி மீது ரொம்ப நாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. கேள்வித்தாள் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஏடிஎச்டி என்று முடிவு செய்யக்கூடாது என்று இங்கே சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்றும் பார்த்தாக வேண்டும். என் ரிப்போர்ட்டில் குழந்தைப் பருவத்தைப் பற்றி ஒன்றரை வரிதான் இருந்தது. அதை நம்பி வருடக்கணக்கில் மருந்து எழுத அவர் தயங்கியதில் நியாயம் இருக்கிறது.

அப்புறம்தான் ரைட் டு சூஸ், அதாவது சிகிச்சை இடத்தை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை, பற்றித் தெரிந்தது. இங்கிலாந்தில் 2014 முதல் மனநலச் சேவைகளுக்கும் இந்த உரிமை உண்டு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு இல்லை. என்எச்எஸ் ஒப்பந்தம் உள்ள ஓர் இடத்தை நாமே தேர்ந்தெடுத்து, ஜிபியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். மதிப்பீட்டுக்கு நாம் காசு கட்ட வேண்டியதில்லை. எந்தெந்த இடங்கள், எவ்வளவு காத்திருப்பு என்ற பட்டியலை ஏடிஎச்டி யூகே என்ற தொண்டு நிறுவனம் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலிலும் நம் கண் முதலில் போவது வாரக் கணக்கின் மீதுதான். சில இடங்கள் மதிப்பீடு மட்டும் செய்யும், மருந்து தராது. சில இடங்களில் மதிப்பீடு சீக்கிரம் முடியும், ஆனால் மருந்து தொடங்க இன்னொரு நீண்ட வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு காத்திருப்பையும் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது முறை நான் தேர்ந்தெடுத்த இடத்தில் ஏழு மாதம் காத்திருந்தேன். அங்கே அம்மாவிடம் பேச வேண்டும் என்றார்கள். அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார், ஆங்கிலம் வராது என்றேன். தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தார்கள். "சின்ன வயதில் உங்கள் மகளுக்கு ஏதாவது சிரமம் இருந்ததா?" என்று கேட்டதும் அம்மா, "என் பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லைங்க, தங்கமான பொண்ணு" என்று முடித்துவிட்டார். முதல் கிளினிக்காக இருந்தால் அதோடு போயிருக்கும். இந்த டாக்டர் கேள்வியை மாற்றினார். பள்ளிக்கூடப் பையை யார் அடுக்குவார்கள்? எத்தனை டிபன் பாக்ஸ் தொலைந்தது? பரீட்சைக்கு முதல் நாள் வீட்டில் என்ன நடக்கும்? அம்மா அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். பத்தாவது வரை தினமும் பை அடுக்கியது, பக்கத்திலேயே உட்கார்ந்து ஒப்பிக்க வைத்தது, டியூஷன் சாரிடம் போய் நின்றது, தொலைந்த குடைகள். விடுதிக்குப் போன முதல் வருடமே நான் மூன்று அரியர் வைத்தது ஏன் என்று அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. நம் வீடுகளில் ஒரு பிள்ளை தடுமாறுவது வெளியே தெரியாதபடி அம்மாவும் டியூஷனும் தாங்கிப் பிடித்திருப்பார்கள். "நன்றாகத்தானே படித்திருக்கிறீர்கள்" என்று மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் இடத்தில் இது பிடிபடவே படாது.

ஆட்டிசம் மதிப்பீட்டில் இந்தக் கவலை இன்னும் அதிகம். கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்களா என்று பார்ப்பார்கள். பெரியவர்கள் முன் தலை குனிந்து நிற்பதை மரியாதை என்று கற்றுக்கொண்டவர்கள் நாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எழுதிவிடும் இடமும் வேண்டாம், "அது உங்கள் கலாச்சாரம்" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடும் இடமும் வேண்டாம். ஆட்டிசத்துக்கென்று மருந்து கிடையாது என்பதால் ஷேர்டு கேர் பிரச்சினை அங்கே வராது. ஆனால் ரிப்போர்ட்டோடு கைகழுவிவிடுவார்களா, வேலையிடத்தில் என்னென்ன மாற்றம் கேட்கலாம் என்று உட்கார்ந்து பேசுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருப்பதன் வலி எனக்குத் தெரியும். வேலை போகும் நிலையில் இருப்பவரிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தனியாரிடம்தான் போகிறீர்கள் என்றால், காசு கட்டுவதற்கு முன் உங்கள் ஜிபியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த இடத்து ரிப்போர்ட்டை வைத்து ஷேர்டு கேர் ஏற்பீர்களா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிளினிக்கிடம், மதிப்பீட்டைச் செய்யப்போவது யார், அவருக்கு என்ன தகுதி, எவ்வளவு நேரம், வீட்டாரிடம் பேசுவார்களா, ஜிபி மறுத்தால் மருந்தை யார் தொடர்வார்கள் என்று கேளுங்கள். சரியாகப் பதில் சொல்லாத இடத்தை விட்டுவிடுங்கள்.

காத்திருக்கும் நாளில் ஊருக்கு போன் போட்டு, பழைய ரேங்க் கார்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். என் அம்மா பரணில் இருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து ஆறாம் வகுப்புக் கார்டை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார். கரையான் அரித்தது போக, டீச்சர் எழுதிய "கெட்டிக்காரி, ஆனால் கவனம் நிற்பதில்லை" மட்டும் அப்படியே இருந்தது. டாக்டர் அதை மொழிபெயர்க்கச் சொல்லி ரிப்போர்ட்டில் சேர்த்துக்கொண்டார். அந்த ரிப்போர்ட்டை ஜிபி ஏற்றுக்கொண்டார்.