ரேண்டமா எடுத்தோம் என்றால் என்ன அர்த்தம்?

போன வாரம் மகள் படிக்கும் பள்ளியில் வினாடி வினா. வகுப்பில் 40 பிள்ளைகள், மேடைக்குப் போனது மூன்று பேர். மூவருமே முதல் பெஞ்சு. கேட்டதற்கு, "அட் ரேண்டமாத்தான் எடுத்தோம்" என்றார் ஆசிரியை. அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். கண்ணில் பட்டவர்களைக் கூப்பிட்டிருக்கிறார். நாம் எல்லாருமே அதைத்தானே ரேண்டம் என்கிறோம்!

அந்தத் தொடர் பிறந்த இடமும் அப்படித்தான். பழைய பிரெஞ்சில் 'ராந்தோன்' என்றால் தறிகெட்ட பாய்ச்சல். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் 'அட் ரேண்டம்' என்றால் தலைதெறிக்கிற வேகம்தான். குறி இல்லாமல் என்கிற பொருள் பிற்பாடு சேர்ந்தது. பீரங்கிக் குழாயை மேலே தூக்கி வெகுதூரத்துக்குச் சுடுவதை 'ரேண்டம் ஷாட்' என்றார்கள். போய் விழுகிற இடத்தில் விழட்டும் என்கிற கணக்கு.

ஆனால் புள்ளியியலில் இதே சொல்லுக்கு நேர் எதிரான பொருள். நம் பாடநூல்கள் அதைச் 'சமவாய்ப்பு' என்கின்றன. எவ்வளவு பொருத்தமான சொல்! எல்லாருக்கும் சமமான வாய்ப்பு தானாக வந்துவிடாது, அதற்கு மெனக்கெட வேண்டும்.

மெனக்கெடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1969 டிசம்பர் 1 போதும். வியட்நாம் போருக்கு யாரை முதலில் அழைப்பது என்று அமெரிக்காவில் குலுக்கல் நடந்தது. 366 பிறந்த தேதிகளையும் தேதிக்கு ஒரு குப்பியாக அடைத்து, கண்ணாடி ஜாடியில் கொட்டி எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. ஜாடியில் கொட்டுவதற்கு முன் குப்பிகளை மாதவாரியாகப் பெட்டியில் போட்டவர்கள் சரியாகக் கலக்கவில்லை. கடைசியில் போட்ட மாதங்கள் மேலேயே தங்கிவிட்டன. டிசம்பரின் 31 தேதிகளில் 26 தேதிகள் பட்டியலின் முதல் பாதியில் விழுந்தன. குலுக்கலில் வந்த வரிசைப்படி 195ஆம் எண் வரை அழைப்பு போனது. டிசம்பரில் பிறந்ததற்காக ஒரு பையன் போருக்குப் போவது என்ன நியாயம்? அடுத்த ஆண்டு தேதிகளுக்கு ஒரு உருளை, எண்களுக்கு ஒரு உருளை என்று தனித்தனியாகச் சுற்றி எடுத்தார்கள்.

பள்ளிப் போட்டி அவ்வளவு பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளை, தனக்கும் வாய்ப்பு இருந்தது, வரவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்ளும். உண்மையில் அதற்கு வாய்ப்பே இருக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆசிரியையிடம் பேசினேன். 40 பெயரையும் ஒரே அளவுச் சீட்டில் எழுதி, ஒரே மாதிரி மடித்து, நன்றாகக் குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லலாம் என்றேன். சரி என்றார். சீட்டு எழுத நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.