அந்த சேர பத்தி பேசினவங்களுக்கு

ஞாயித்துக்கிழமை போட்ட போட்டோவுக்கு வந்த கமெண்ட் எல்லாத்தையும் படிச்சிட்டேன். ரெண்டு நாளா பதில் சொல்லல. கோவத்துல டைப் பண்ணா எழுத்துப்பிழை வரும், அதுக்கும் ஒருத்தர் வந்து சிகப்பு வட்டம் போடுவாரு. ஆமா சார், உங்களத்தான் சொல்றேன். என் பொண்ணு கையில மெடலோட நிக்கிறா, முன்பல்லு ஓரத்துல ஒடஞ்சிருக்கறது தெரியுற அளவுக்கு சிரிக்கிறா, உங்க கண்ணுக்கு தெரிஞ்சது அவளுக்குப் பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் சேரும் அது மேல இருக்கற துணியும். அதுக்கு வட்டம், பக்கத்துல அம்புக்குறி, "எவரெஸ்ட்"னு பேரு வேற. சரி, நானும் சிரிச்சேன். பொய் சொல்லல, நல்லாதான் இருந்துச்சு.

அதுக்கு அப்புறம் அட்வைஸ் ஆரம்பிச்சுது பாருங்க. காலைல எழுந்ததும் கட்டில் விரிப்ப மடிங்க, வாரத்துக்கு ஒரு ஷெல்ப், மூங்கில் கூடை வாங்குங்க, லிங்க் வேணுமா சிஸ்டர். எல்லாமே எனக்கு. அந்த வீட்டுல நாலு பேர் இருக்கோம். அந்த துணில என்னோடது ஒரு துப்பட்டா, அவ்ளோதான். மீதி எல்லாம் யாரோடதுன்னு ஒருத்தர் கூட கேக்கல.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். எடுத்தவங்க வைக்கணும். வீடு ஒழுங்கா இல்லன்னா அது அந்த வீட்டுப் பொம்பளையோட குணம் கிடையாது, அங்க இருக்கற எல்லாரோட பழக்கமும்தான். எடுத்தவங்க வைக்கணும். இத கூடை வாங்கி சரி பண்ண முடியாது.

ஒருத்தங்க 21 நாள் தொடர்ந்து செஞ்சா பழக்கமாயிடும்னு சேலஞ்ச் கொடுத்திருந்தீங்க. இந்த 21 எங்கேந்து வந்துச்சு தெரியுமா? 1960-ல ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், தன்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு புது முகம் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதினது. அந்த "குறைஞ்சது" போற வழியில எங்கயோ விழுந்துடுச்சு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல நெஜமாவே ஆளுங்கள வெச்சுப் பாத்தப்ப சராசரி 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18, ஒருசிலருக்கு கணக்குப்படி 254. எங்க வீட்டு ஆளுங்க 254 கோஷ்டி. கல்யாணமாகி பதினெட்டு வருஷம் ஆச்சுன்னு பாத்தா 254-ம் பத்தாது.

எங்க வீட்டுக்காரர் வேலை பாக்கறது ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரில. அங்க 5எஸ்னு ஒண்ணு இருக்கு, ஃபேக்டரி வேலைல இருக்கறவங்களுக்குத் தெரியும். ஜப்பான் முறை. செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. தேவையில்லாதத எடு, ஒவ்வொண்ணுக்கும் எடம் வை, துடை, எல்லாரும் ஒரே மாதிரி செய், கடைசி எஸ் வந்து யாரும் சொல்லாமலே செய். போர்டுல ஸ்பானர் மாதிரி படம் வரைஞ்சு வெச்சிருப்பாங்களாம், ஸ்பானர் இல்லன்னா அந்த எடம் காலியா பல்லிளிக்குமாம். இவருதான் அவங்க லைனுக்கு ஆடிட்டர். யாராவது ஒரு ஸ்க்ரூ டிரைவர மாத்தி வெச்சா மார்க்க கம்மி பண்றவரு. அந்த மனுஷன் வீட்டுக்கு வந்ததும் ஈரத் துண்ட கட்டில் மேல போடுறாரு. கேட்டா "அது ஆபீஸு, இது வீடு". அதாவது முடியாதுன்னு இல்ல, தெரியாதுன்னும் இல்ல. இங்க மார்க் போட ஆள் இல்ல, ஆனா எடுத்து வைக்க ஆள் இருக்கு.

(இத படிச்சிட்டு ராத்திரி ஏதாவது சொல்லுவாரு. சொல்லட்டும்.)

இப்ப வருவீங்க, "எப்பப் பாத்தாலும் ஆம்பளைங்களயே குறை சொல்றது"ன்னு. நான் சொல்லலங்க, மத்திய அரசு சர்வே சொல்லுது. வீட்டு வேலை செய்யறவங்கள்ல பொம்பளைங்க ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம்னு 2019-ல எடுத்தாங்க. 2024-ல மறுபடி எடுத்தாங்க. நமக்கு 289-ஆ குறைஞ்சிருக்கு, சந்தோஷம். அவங்களுக்கு 88. அவங்களுக்கும் குறைஞ்சிருக்கு பாருங்க, பாவம் ரொம்ப களைச்சிட்டாங்க போல. இது வேலை செய்யற ஆம்பளைங்களோட கணக்கு மட்டும்தான், செய்யவே செய்யாதவங்க இதுல வரவே இல்ல.

"வேலைக்கு ஆள் வைக்கலாமே"ன்னு கேட்டவங்களுக்கு: வெச்சிருக்கேன். பாத்திரம், வீடு பெருக்கித் துடைக்கறது. உங்க பேண்ட்ட மடிச்சு வைக்கறது அவங்க வேலை இல்ல. மூணு வீடு முடிச்சிட்டு வர்றவங்க.

"நாங்களும் வேலைக்குதான் போறோம், எங்க வீடு எப்பவும் பளிச்"னு சொன்னவங்களுக்கு வாழ்த்துகள். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

அதுக்காக ஒழுங்கே வேணாம்னு நான் சொல்லல. 2015 டிசம்பர்ல மடிப்பாக்கத்துல கிரவுண்ட் ஃப்ளோர்ல இருந்தோம், முழங்காலுக்கு மேல தண்ணி, ரேஷன் கார்டு பீரோ கீழ்த்தட்டுல, சர்டிபிகேட் கட்டிலுக்கு அடியில, எது எங்கன்னு தெரியாம டார்ச் வெளிச்சத்துல தேடினோம், பாதி கூழாப் போச்சு. அன்னேலேந்து எல்லாம் ஒரே ஜிப் பைல, பீரோ மேல்தட்டுல. வீட்டுல சின்னப் பையன கேட்டாலும் சொல்லுவான். 2023 மிக்ஜாம் புயலப்போ மாடிக்கு மாறிட்டோம்னாலும் முதல்ல கை போனது அந்தப் பைக்குதான். பழக்கம்னா என்னன்னு எனக்கும் தெரியும்ங்க. குப்பை விஷயத்துல பாருங்க, பச்சத் தொட்டி மக்குறதுக்கு, நீலம் மக்காததுக்கு, எங்க வீட்டுல ஒருத்தர் கூட மாத்திப் போட மாட்டாங்க. ஏன்னா பேட்டரி வண்டில வர்ற அக்கா தெருவே கேக்குற மாதிரி திட்டும். நான் சொன்னா காதுல விழாதது அந்தக்கா சொன்னா விழுது.

அந்த சேர் கதையையும் சொல்லிடறேன். துவைச்ச துணிக்கு பீரோ இருக்கு, அழுக்குக்கு கூடை இருக்கு. ஒரு மணி நேரம் கடைக்கு போட்டுட்டுப் போய் வந்த சட்டை எங்க போகும்? பீரோல வைக்க மனசு வராது, நம்ம ஊரு வேர்வை அப்படி. கூடைல போட்டா லாரித் தண்ணி வாங்கற வீட்டுல துவைக்கறவங்களுக்குதான் வலி தெரியும். அதுக்கு எடமே கிடையாது, அதனால சேருக்கு வந்துடும். ஒருதடவ சேர எடுத்து பால்கனில போட்டேன். மறுநாள் துணி கட்டில் கால்மாட்டுக்கு ஷிப்ட் ஆயிடுச்சு. ஒரு வாரத்துல சேர் திரும்ப உள்ள வந்துடுச்சு, ஏன்னு இப்ப கேக்காதீங்க. அப்புறம் கதவுக்குப் பின்னாடி நாலு ஹூக் அடிச்சு ஆளுக்கு ஒண்ணுன்னு பேர் எழுதி ஒட்டினேன். பாதி குறைஞ்சுது. நீங்க வட்டம் போட்டது மீதிப் பாதி.

"21 நாள்" சொன்னவங்களுக்கு இன்னொண்ணு. ஜப்பான்ல மரி கோண்டோன்னு ஒருத்தங்க, உலகத்துக்கே வீடு ஒழுங்குபடுத்த சொல்லிக் கொடுத்தவங்க. மூணாவது குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் நானே கொஞ்சம் விட்டுட்டேன்னு 2023-ல சொன்னாங்க. அவங்க அம்மாவ இழுத்து யாரும் கமெண்ட் போட்டாங்களான்னு தெரியல.

சரி, எங்கம்மாவ இழுத்த அந்த கமெண்ட்டுக்கே வர்றேன். "சித்தி இருந்திருந்தா வீடு இப்படி இருக்குமா?"

அக்கா, இது உங்களுக்கு. உங்களுக்கு சித்தி, எனக்கு அம்மா. எப்பவும் வா போன்னுதான் பேசுவேன், இன்னிக்கு நீங்கன்னு எழுதுறேன்னா புரிஞ்சுக்கங்க. அயனாவரம் வீடு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? லீவுக்கு வருவீங்களே. ஒம்போது குடித்தனம், ஒரு அடிபம்பு, எங்களுக்கு ஒரே ரூம், அதுல அஞ்சு பேர். வீடு கண்ணாடி மாதிரி இருக்கும், ஒத்துக்கறேன். ஏன் இருந்துச்சு தெரியுமா? மொத்தமே அஞ்சு தட்டு. சாப்ட்டவங்க கழுவலன்னா அடுத்த வேளை அவங்களுக்கு தட்டு இல்ல. ஐசிஎஃப் ரயில்பெட்டி ஃபேக்டரிலேந்து ஷிப்ட் முடிஞ்சு வர்ற எங்கப்பா கூட தன் தட்ட கழுவி கவுத்துட்டுதான் பீடி பத்த வைப்பாரு. செவுத்துல ஆளுக்கு ஒரு ஆணி. அடுத்தவங்க ஆணில மாட்டினா அம்மா பேச மாட்டாங்க, எடுத்து வாசல்ல போட்டுடுவாங்க. சித்தி ஒருத்தங்களா வெச்சிருந்த வீடு இல்ல அது. எல்லாரும் வெச்சிருந்தாங்க. அம்மா வைக்க வெச்சாங்க.

போன மாசம் நானும் அத செஞ்சு பாத்தேன். இருபத்தி நாலு தட்டையும் பரண்ல ஏத்திட்டு நாலு தட்டு, நாலு டம்ளர் மட்டும் வெளிய. பையன் ரெண்டு நாள் சட்டில சாப்ட்டான். மூணாவது நாள் கழுவினான். இப்ப ராத்திரி சிங்க் காலியாதான் இருக்கு. இதையும் போட்டோ எடுத்துப் போடணுமோ.

அம்மா காலைல நாலரைக்கு எழுந்து பம்புல எடம் போடுவாங்க. முட்டி போனது அதனாலதான்னு டாக்டர் சொல்லல, நான் சொல்றேன். கடைசி ஒன்றரை வருஷம் எங்க வீட்டுல இருந்தாங்க, நீங்க ரெண்டு தடவ வந்தீங்க. தரையில உக்கார முடியாதுன்னு ஒரு கைப்பிடி வெச்ச பிளாஸ்டிக் சேர் வாங்கினோம். நீங்க வந்தப்ப அதுலதான் உக்காந்திருந்தாங்க. கீரை ஆயறது, என் பொண்ணோட சிலம்பக் கம்புக்கு துணி சுத்தறது, எல்லாம் அந்த சேர்லதான். அவங்க போனதுக்கு அப்புறம் எங்க வீட்டுல யாரும் அதுல உக்காரல. உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லல, யாரும் உக்காரல. ஆள் உக்காராத சேர்ல துணிதான் வரும். பால்கனிக்கு கொண்டு போனேனே, வெயில்ல வெளுக்குதுன்னு என் பையன்தான் தூக்கிட்டு வந்து பழைய எடத்துல போட்டான்.

அது இருக்கட்டும்.

போட்டோவ எடுத்துடுன்னு ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல சொன்னீங்க. எடுக்க மாட்டேன். அது மாவட்ட அளவு சிலம்பப் போட்டி, 14 வயசுக்கு உட்பட்டவங்க, ரெண்டாவது எடம். வெள்ளி. இதுவரைக்கும் யாரும் கேக்கல, அதான் நானே சொல்றேன்.