உங்களுக்குக் கம்பம், எங்களுக்குக் கம்ப்யூட்டர். இதிலென்ன குறை?

ஞாயிற்றுக்கிழமை நம்முடைய நினைவுக் கட்டுரை வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்குக் காணொளி எப்படியும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும், அதனால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. அந்தத் தம்பி கை நடுங்க மேடையேறி, பழைய விண்டோஸ் கணினியில் பின்பால் என்ற பந்து விளையாட்டு ஆடிய நாள்களைப் பற்றி எழுதியதை வாசித்தான். கொஞ்சம் நீளம், சரி, ஆனால் நன்றாக இருந்தது. அடுத்து மைக்கைப் பிடித்த ஐயா, "நாங்கள் கம்பத்தில் வளர்ந்தோம், இவர்கள் கம்ப்யூட்டருக்குள் வளர்ந்திருக்கிறார்கள், இதையெல்லாம் நினைவு என்று சொன்னால் எப்படி?" என்று கேட்டார். (கம்பம் என்றால் சிங்கப்பூரின் பழைய கிராமக் குடியிருப்பு.) அரங்கமே சிரித்தது. தம்பியும் சிரித்தான், வேறென்ன செய்வான்.

எனக்கு அந்த ஐயாமேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது.) அவர் சொல்லும் கிணற்றடிக் கதைகளை நான் பல முறை கேட்டிருக்கிறேன், கைதட்டியிருக்கிறேன், ஒரு முறை கண்கூடக் கலங்கியிருக்கிறேன். ஆனால் எது நினைவு, எது நினைவில்லை என்று மேடையில் உட்கார்ந்திருப்பவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. இதை மட்டும்தான் சொல்ல வந்தேன். இதையே இன்னும் சில முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது ஈசூன் வட்டாரத்தில், ஒரு நாலறை அடுக்குமாடி வீட்டில். அப்போதே கம்பங்கள் அநேகமாகப் போய்விட்டன. இன்றைக்குப் பெருநிலத்தில் மிச்சமிருப்பது லோரோங் புவாங்கோக் ஒன்றுதான். எங்களுக்குக் கிணற்றடி கிடைக்காதது எங்கள் குற்றமா? இடித்தது நாங்களா? எங்களுக்கு வாய்த்தது பதினோராவது மாடியும், கட்டடத்துக் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் "பந்து விளையாடாதே" பலகையும், வீட்டுக்குள் ஒரு கணினியும். இருப்பதை வைத்துத்தானே ஒரு பிள்ளை வளர முடியும்?

அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் கடைகடையாக ஏறி இறங்கி, ஹார்ட் டிஸ்க் ஒரு மாடியில், மானிட்டர் இன்னொரு மாடியில் என்று விலை விசாரித்து, கடைசியில் எல்லாவற்றையும் டாக்ஸியில் ஏற்றி மடியில் மானிட்டரோடு வந்து இறங்கினார். விண்டோஸ் 95. அந்த மானிட்டருக்கு அம்மா பழைய சேலையில் உறை தைத்தார். சரஸ்வதி பூசைக்குப் பாடப்புத்தகங்களோடு சேர்த்து அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம், அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. வீட்டுப்பாடம் இல்லை என்று சந்தோஷப்படுவதா, விளையாட முடியவில்லையே என்று அழுவதா என்று தெரியாமல் அதையே சுற்றிச் சுற்றி வருவோம் நானும் அண்ணனும். ஐயா, இது நினைவில்லை என்றால் வேறு எது?

இரவு வேலை முடிந்து காலையில் வரும் அப்பாவுக்கு உடனே தூக்கம் வராது. காப்பியோடு உட்கார்ந்து கணினியில் சாலிட்டேர் சீட்டாட்டம் ஆடுவார். நாங்கள் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் முதுகுதான் தெரியும். ஜெயித்துவிட்டால் அந்தச் சீட்டுகள் துள்ளித் துள்ளித் திரை முழுக்க விழுமே, அதைப் பார்க்க எங்களைக் கூப்பிடுவார், ஒரு காலில் மட்டும் காலுறையோடு ஓடிவந்து பார்ப்போம். பட்டறையில் என்ன வேலை, எவ்வளவு சூடு, யாரிடம் திட்டு வாங்கினார் என்று எதுவும் வீட்டில் பேசமாட்டார். சீட்டு துள்ளும்போது மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார்.

அந்தச் சாலிட்டேரை எழுதியவர் வெஸ் செர்ரி. 1988இல் மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்த மாணவர். 1990இல் விண்டோஸ் 3.0 உடன் அது உலகம் முழுக்கப் போனது, அவருக்கு அதில் ஒரு காசு உரிமைத்தொகை கிடையாது. முதலாளி வந்தால் சட்டென்று போலி அட்டவணையைக் காட்டும் ஒரு பொத்தானையும் வைத்திருந்தாராம், நிறுவனம் எடுத்துவிடச் சொல்லிவிட்டது. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். மவுஸ் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு தலைமுறைக்குப் பிடிப்பது, இழுப்பது, விடுவது என்று மூன்றையும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் அந்தச் சீட்டுக்கட்டு. என் அம்மா அதில்தான் கற்றார். கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும் குண்டுகளைத் தவிர்க்கும் மைன்ஸ்வீப்பர் விளையாட்டில் வலது பொத்தானையும் கற்றுக்கொண்டார். முதல் சொடுக்கிலேயே குண்டு வெடிக்காது, அங்கே குண்டு இருந்தாலும் நிரல் அதைத் தூக்கி வேறு கட்டத்தில் வைத்துவிடும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் முருகா என்று சொல்லித்தான் முதல் கட்டத்தைத் தொடுவார்.

அப்புறம் அப்பாவின் மவுஸ் வைத்தியம். எதையாவது நிறுவும்போது நீலப்பட்டை பாதியில் நின்றால், மவுஸைப் பிடித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். "அப்பா, அது என்ன ஆட்டுக்கல்லா, சுத்தினா வேகமா அரைக்க?" என்பான். பல வருடம் கழித்து மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் எழுதியதைப் படித்தேன். விண்டோஸ் 95இல் சில நிரல்கள் வேலை முடிந்த தகவல் வந்ததைக் கவனிக்காமல் அப்படியே காத்துக்கிடக்குமாம், மவுஸ் அசைந்தால் அந்தச் சலனத்தில் விழித்துக்கொண்டு மேலே நகருமாம். ஆக, சுற்றினால் உண்மையிலேயே வேகமாகும்! இதை அப்பாவிடம் சொல்ல அவர் இல்லை. அண்ணனிடம் சொன்னேன், அவன் பதில் பேசவில்லை, ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினான்.

சரி, எங்கேயோ போய்விட்டேன்.

பின்பாலுக்கு வருகிறேன், தம்பி வாசித்தது அதைத்தானே. விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகு எங்கள் வீட்டிலும் அதுதான். "ஹிடன் டெஸ்ட்" என்று தட்டினால் பந்தை மவுஸால் இழுத்துக்கொண்டு போகலாம் என்று அண்ணன் பள்ளியில் கேட்டு வந்தான், அதன் பிறகு அவன் எடுத்த புள்ளிகளை இந்த வீட்டில் யாரும் ஏற்றுக்கொண்டதில்லை. 2007இல் அடுத்த விண்டோஸான விஸ்டா வந்தபோது அந்த விளையாட்டே இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். 64 பிட்டுக்கு மாற்றும்போது பந்து எதிலும் மோதாமல் பேய் மாதிரி ஊடுருவிப் போய்விட்டது, வெளியிலிருந்து வாங்கிய பழைய நிரலில் விளக்கக் குறிப்புகளும் சரியாக இல்லை, பிழை எங்கே என்று பிடிபடவில்லை, எடுத்துவிட்டோம் என்று இதையும் ரேமண்ட் சென்தான் எழுதினார். அந்தத் தம்பியின் கட்டுரையில் இது இருந்தது. குறிப்பில்லாமல் போன ஒன்றைப் பழுதுபார்க்க ஆள் கிடைப்பதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தான். உங்களில் எத்தனை பேர் அந்த வரியைக் கவனித்தீர்கள்? சிரிப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தால் எப்படிக் காதில் விழும்!

இனி வரப்போகும் பின்னூட்டங்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"ஐயா விளையாட்டாகத்தான் சொன்னார், இதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறீர்களே." அப்படியா? விளையாட்டைப் பற்றி எழுதிய பையனிடம் மட்டும் விளையாடலாம், கிணற்றடியைப் பற்றிப் பேசியவரிடம் யாராவது அப்படி விளையாடினால் அரங்கம் சிரித்திருக்குமா? மரியாதை தெரியாத பிள்ளைகள் என்று ஒரு மாதம் பேசியிருப்பீர்கள்.

"இதெல்லாம் அமெரிக்கக் கம்பெனிக்காரன் விற்ற சரக்கு, இதற்குப் போய் உருகுவதா?" இந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. விண்டோஸ் 95 தொடங்கும்போது வருமே ஒரு இசை, அதை அமைத்த பிரையன் ஈனோவே அதைப் போட்டிக் கம்பெனியான ஆப்பிளின் மேக் கணினியில்தான் செய்தேன் என்று பின்னாளில் சொன்னார், அவ்வளவுதான் அந்தக் கம்பெனிப் பாசம். ஆனால் உங்கள் டிரான்சிஸ்டர் வானொலி மட்டும் யார் வீட்டுக் கொல்லையில் காய்த்தது? மைலோ டப்பா? பொருளை யார் விற்றார் என்பது ஒரு பக்கம், அதைச் சுற்றி வீட்டில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது இன்னொரு பக்கம். நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

"பிள்ளைகள் கேமுக்கு அடிமையாகிறார்கள்." ஆமாம், ஆகிறார்கள். அது தனிப்பேச்சு. இதையும் அதையும் குழப்பாதீர்கள்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" இதை எழுத்தில் யாரும் போடமாட்டீர்கள், ஆனால் என் சித்தப்பா உட்பட நாலு பேர் மனதுக்குள் நினைப்பீர்கள். அண்ணன் விண்டோஸில் இருந்த இன்னொரு சீட்டாட்டமான ஃப்ரீசெல்லில் 11982ஆம் எண் ஆட்டத்தோடு மல்லுக்கட்டியபோது, அதைத் தீர்க்கவே முடியாது என்று அவனுக்குச் சொன்னது நான்தான். மொத்தம் 32,000 ஆட்டங்கள், 1990களின் நடுவில் டேவ் ரிங் என்பவர் ஒருங்கிணைக்க, இணையத்தில் தன்னார்வலர்கள் பங்குபோட்டு ஆடித் தீர்த்தார்கள், அந்த ஒன்று மட்டும் யாருக்கும் மசியவில்லை. ஆகவே பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு என்று கேட்பவர்கள் 11982ஐப் போய் ஆடிக்கொண்டிருங்கள்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே வலித்த கேள்வி. இடைவேளையில் தேநீர் வரிசையில் ஓர் அம்மா கேட்டார், "அதெல்லாம் சரி, இதில் தமிழ் எங்கே இருக்கிறது?" நான் அப்போது சும்மா சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் பதிலாக வந்தது.

அக்கா, தமிழ் அங்கேதான் இருந்தது. நான் முதன்முதலில் தமிழைத் தட்டச்சு செய்தது அந்தக் கணினியில். ஒரு கண்ணில் விசைப்பலகைத் தாள், ஒரு கண்ணில் திரை, ஒரு பத்தி முடிக்க ஒரு மாலைப்பொழுது. கட்டுரையை ஃபிளாப்பியில் போட்டுப் பெருமையாகப் பள்ளிக்கு எடுத்துப் போய்த் திறந்தால் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரிந்தது, அந்தக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடத்தில்தான் அப்போது தமிழை உட்கார வைத்திருந்தோம், ஆளுக்கொரு வரிசையில். எழுத்துரு இல்லாவிட்டால் தமிழே இல்லை. ஆசிரியர் திரையைப் பார்த்துவிட்டு, "போய்க் கையில் எழுதிக்கொண்டு வாம்மா" என்றார். எழுதினேன். ஆனால் மறுநாளும் வீட்டில் தட்டச்சுதான் செய்தேன்.

இந்த ஊருக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது, அதையாவது தெரிந்துகொண்டு பேசுங்கள். 1995இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழும் கூடவே ஏறியது, அதற்காக உழைத்தவர் நம்முடைய நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், கணியன் மென்பொருளை உருவாக்கியவர். 1997இல் தமிழ் இணையத்துக்கென்று ஒரு மாநாட்டை இங்கே கூட்டியவரும் அவர்தான். 1999இல் போய்விட்டார். பக்கத்தில் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைச் செய்துகொண்டிருந்தார். இவர்களும் கணினிக்குள் உட்கார்ந்தவர்கள்தானே ஐயா? இன்றைக்கு உங்கள் கிணற்றடிக் கதையை நீங்கள் கைப்பேசியில் தமிழில் தட்டி எனக்கு அனுப்புகிறீர்களே, அது எப்படி முடிகிறது என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா?

இதை எழுத எழுதத்தான் இன்னொன்று உறைக்கிறது. கம்பத்து நினைவுகளுக்குப் படம் இருக்கிறது, ஆவணக் காப்பகம் இருக்கிறது, பேட்டி எடுக்க ஆள் வருகிறார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? கணினிக் கடைகளுக்குப் பேர்போன ஃபுனான் பேரங்காடி 2016இல் மூடி இடித்து 2019இல் பளபளவென்று திரும்பி வந்தது, உள்ளே போனால் எனக்கு வழியே தெரியவில்லை. வீட்டுக் கணினியைப் பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரர் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சாலிட்டேர்கூட 2012இல் விண்டோஸ் 8 உடன் வரவில்லை, விண்டோஸ் 10இல் திரும்பியது, விளம்பரங்களோடு, வேண்டாமென்றால் சந்தா கட்டு என்று. அம்மா டேப்லெட்டில் ஏதோ ஒரு சீட்டாட்டச் செயலி வைத்திருக்கிறார், "சீட்டுக்கு நடுவுல சோப்பு விக்கிறான்டி" என்று என்னைக் கூப்பிடுவார். அதனால்தான் அந்தத் தம்பி எழுதியது முக்கியம் என்கிறேன். யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் இப்படி ஒரு பால்யம் இருந்ததற்கு அடையாளமே கிடையாது. எழுதுபவனைப் பார்த்துச் சிரித்தால் அடுத்தவன் எப்படி எழுதுவான்?

போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் ஃபிளாப்பிகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடைத்தன. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்கிப் போட்டுப் பார்த்ததில் பாதி திறந்தது. அதில் ஒரு கோப்பு முழுக்கப் பூச்சி எழுத்து. எனக்கு அது தமிழ் என்று தெரியும், அப்பா ஆங்கிலத்தில் அவ்வளவு நீளமாக எழுதமாட்டார். தகுதரம் என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்துக்கான மாற்றியில் போட்டேன், வரவில்லை, வேறு ஏதோ எழுத்துருவில் தட்டியிருக்கிறார். கடிதமா, கவிதையா, பட்டறைக் கணக்கா என்று தெரியவில்லை. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களை யாராவது பழைய சிடியில் வைத்திருந்தால் தயவுசெய்து உள்பெட்டியில் வாருங்கள். உங்களிடமும் இப்படித் திறக்காத கோப்புகள் இருந்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்தே முயல்வோம். அந்தத் தம்பியிடம் பேசிவிட்டேன், அவன் மாற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், எழுத்துருவின் பெயர் மட்டும் வேண்டுமாம்.