ஸ்டைல் கைடில் பாதியை மட்டும் படிப்பவர்களுக்கு

ஆங்கிலத்தில் எழுதுவதும் அடுத்தவர் எழுதியதைத் திருத்துவதும் பல வருடமாக என் வேலை. எழுத்துக்கூட்டல், எண், கமா இதெல்லாம் எப்படிப் போடுவது என்று சொல்லும் விதிப் புத்தகத்தைத்தான் ஸ்டைல் கைடு என்கிறோம். சில மாதங்களுக்கு முன் மூன்று பேர் சேர்ந்து எழுதிய ஓர் அறிக்கை கைக்கு வந்தது. 'ஆர்கனைஸ்' என்ற சொல்லை ஒருவர் எஸ் போட்டு எழுதியிருந்தார், இன்னொருவர் இஸட் போட்டு. எண்களை ஒருவர் எழுத்தில், மற்றவர் இலக்கத்தில். நான் ஒரே மாதிரியாக்கி அனுப்பினேன். ஒருவர் தன் பகுதியை மட்டும் பழையபடி மாற்றித் திருப்பி அனுப்பினார். "எனக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்" என்றார். நான் மாற்ற, அவர் மாற்ற, ஒரு வாரம் ஓடிவிட்டது. அந்த ஒரு வாரத்தில், ஓர் அட்டவணையின் கூட்டுத்தொகை தப்பாக இருந்ததை நாங்கள் யாருமே பார்க்கவில்லை. அச்சாகி வந்த பிறகு ஒரு வாசகர்தான் சுட்டிக்காட்டினார். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

உண்மையில் எஸ், இஸட் இரண்டுமே சரி. இஸட் என்றால் அமெரிக்கா என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகமே காலங்காலமாக இஸட்தான் போடுகிறது. எண்களும் அப்படித்தான். அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தின் கைடு பொதுவாக ஒன்பது வரை எழுத்தில் எழுதச் சொல்கிறது, சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் கையேடு நூறு வரை. ஒன்று செய்தி எழுதுபவர்களுக்காக உருவானது, மற்றது புத்தகம் போடுபவர்களுக்காக. இதில் யார் சரி என்று சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? ஹோரஸ் ஹார்ட் 1893-இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்தில் தன் அச்சுக்கோப்பாளர்களுக்காக ஒரு சின்ன விதிப் புத்தகம் போட்டார். ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வேண்டாம், அவ்வளவுதான். ஒரு முறை முடிவு செய்துவிட்டால், அடுத்த முறை மூளை அர்த்தத்தைப் பார்க்கப் போய்விடும்.

அதற்காக விதியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் நடந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். எந்தெந்த வேலைகளுக்கு ஓவர்டைம் கூலி கிடையாது என்று அங்கே ஒரு சட்டம் பட்டியல் போட்டிருந்தது. பதப்படுத்துதல், உறையவைத்தல், சேமித்தல் என்று வரிசையாக வந்து, கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடியும். 'ஷிப்மென்ட்' என்ற சொல்லுக்குப் பிறகு கமா இல்லை. அப்படியானால் டிஸ்ட்ரிபியூஷன், அதாவது விநியோகம், பட்டியலில் ஒரு தனி வேலையா, இல்லை எதற்காக பேக் செய்கிறார்கள் என்பதைச் சொல்கிறதா? ஒரு பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் இரண்டாவதுதான் என்றார்கள். நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், பேக் செய்வதில்லை, ஆகவே எங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்பது அவர்கள் வாதம். பட்டியலில் மற்ற வேலைகளெல்லாம் 'இங்' என்று முடிய, டிஸ்ட்ரிபியூஷன் மட்டும் அப்படி முடியவில்லை என்பதையும் காட்டினார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அடுத்த வருடம் 50 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள், பட்டியலில் கடைசிக் கமாவைப் போட்டே தீர வேண்டும் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த மாநிலத்தில் சட்டம் எழுதுபவர்களுக்கென்றே ஒரு கையேடு உண்டு. அந்தக் கமாவைப் போடாதே என்று சொல்வதே அந்தக் கையேடுதான். ஆனால் பட்டியலில் ஓர் உருப்படியோடு கூடுதல் விளக்கச் சொற்கள் சேர்ந்து வந்தால் கவனமாக இரு என்றும் அதே கையேடு சொல்கிறது. முதல் பாதியைப் பின்பற்றினார்கள், இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். வழக்குக்குப் பிறகு அந்த வாக்கியத்தைத் திருத்தி, கமாக்களுக்குப் பதிலாக அரைப்புள்ளிகள் போட்டார்கள். டிஸ்ட்ரிபியூஷனும் 'டிஸ்ட்ரிபியூட்டிங்' ஆனது.

கைடு வைத்திருக்கும் எல்லோரிடமும் நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: விதிக்குக் கீழே சின்னதாக விதிவிலக்கு எழுதியிருக்கும், அதையும் படியுங்கள். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு அடுத்தவரைத் திருத்தாதீர்கள். 'ஈமெயில்' என்ற சொல்லில் இருந்த இணைப்புக்கோட்டை அசோசியேட்டட் பிரஸ் 2011-இல் எடுத்துவிட்டது. 'இன்டர்நெட்' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்குவதை 2016-இல் விட்டது. அப்புறம், ஒருவர் வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தை அரைகுறையாக நிறுத்தியிருந்தால், கைடைக் காட்டி அதை முழுதாக்காதீர்கள். அது அவர் குரல்.

இப்போதெல்லாம் வேலை தொடங்கும் நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுதிவிடுகிறேன். மேலே எந்தக் கைடு, எந்த அகராதி. கீழே அகர வரிசையில் சந்தேகம் வரக்கூடிய சொற்கள், எதிரில் நாங்கள் எடுத்த முடிவு. அதே மூவரின் அடுத்த அறிக்கை போன வாரம் தொடங்கியது. பக்கத்தை அனுப்பினேன். முன்பு மாற்றி மாற்றி அனுப்பியவர் இரண்டு சொற்களைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டேன். இந்த முறை அட்டவணைகளை முதலில் சரிபார்க்கிறோம்.