இதில் என்ன சிக்கனம்?

பாலூட்டிகளில் ஒரு ஜீன்மேல் இன்னொன்று ஏறிக் கிடப்பது, அதாவது ஒரே டி.என்.ஏ. துண்டை இரண்டு ஜீன்கள் பங்குபோடுவது, இடத்தை மிச்சம் பிடிக்கத்தான் என்கிறது உங்கள் கட்டுரை. வைரஸுக்குச் சரி. 1977-இல் டி.என்.ஏ. வரிசை வெளியான ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸுக்கு மொத்தமே 5,386 எழுத்துதான். நமக்கோ சுமார் 300 கோடி. அதில் புரதத்துக்கானது நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது.

யாங்கோனில் எங்கள் வீட்டில் தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து கடைக் கணக்கு. தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து அப்பாவின் தமிழ்ப் பாடம். நடுத்தாளில் இரண்டும் மோதி, அரிசி மூட்டைக் கணக்கின் மேலேயே ஆனா ஆவன்னா! டி.என்.ஏ.வின் எதிரெதிர் இழைகளில் உள்ள ஜீன்கள் வால்பக்கம் மோதிக்கொள்வதும் இப்படித்தான். ஜீன் இங்கே முடிகிறது என்று காட்டும் பழைய குறி திரிபில் (டி.என்.ஏ. எழுத்து மாறுவதில்) அழிந்துபோனால், ஜீனை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுப்பது அடுத்த குறிவரை ஓடும். அந்தக் குறி பக்கத்து ஜீனுக்குள் இருந்தால் தீர்ந்தது, ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். மனிதனில் ஏறிக் கிடக்கும் ஜோடிகள் பல, எலியில் விலகியே இருக்கின்றன.

அப்புறம், பி16, ஏ.ஆர்.எஃப் என்ற இரண்டு புரதங்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? இரண்டுக்கும் பொதுவாக ஒரு எக்ஸான் (ஜீனில், படியெடுத்தபின் வெட்டப்படாமல் தங்கும் துண்டு). புரதம் செய்ய எழுத்துகளை மும்மூன்றாகப் பிரிக்கும் இடம் மட்டும் வேறு, ‘பலகை’யைப் ‘பல கை’ என்று படிப்பதுபோல. இரண்டுமே புற்றுநோயைத் தடுப்பவை. அங்கே ஒரே எழுத்து கெட்டாலும் இரண்டும் கெடக்கூடும்.