அந்தச் சலவைக்கடைத் தாத்தா

தென்சீனாவின் தைஷானிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போய், சலவைக் கடையில் ராப்பகலாக இஸ்திரி போட்டுப் பிள்ளைகளையும் பேரன் பேத்திகளையும் ஆளாக்கிய தாத்தாவின் கதையைப் படித்ததும் மனசு கனத்துப்போச்சு. அந்தக் காலத்து ஆட்களுக்கு உழைக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே சோதனைதான். 1882ல் அமெரிக்காவில் வந்த சீனர் விலக்குச் சட்டம் சீனக் கூலித் தொழிலாளிகளை உள்ளே விடவில்லை, அப்புறம் 1906 நிலநடுக்கத் தீயில் நகரத்துப் பதிவேடுகள் எரிந்துபோக, நான் இங்கேயே பிறந்த குடிமகன் என்று சீனர்கள் சொன்னால் சரிபார்க்க வழியில்லை; பலர் அப்படிச் சொன்ன இன்னொருவரின் மகன் என்று காகிதம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவின் குடியேற்ற நிலையத்தில் அடைத்துவைத்து, உன் வீட்டுக்கு எத்தனை படி, ஊர்க் கிணறு எந்தப் பக்கம் என்று துருவித் துருவிக் கேட்பார்கள், பதில் பிசகினால் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். 1943ல் சட்டத்தை நீக்கியபோதும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம். இந்தத் தாத்தாவும் அப்படி வந்தவரா, அவருடைய சொந்தக் குடும்பப் பெயர் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியுமா?