ஆப்பு யார் கையில இருக்கு?

பிரிட்டிஷ் பேய்ப்படத்துல பொண்ணுங்களை எப்படிக் காட்டுறாங்கன்னு பேச்சு வந்தாலே உடனே ஒருத்தர் ஃபைனல் கேர்ள் தியரியைத் தூக்கிட்டு வந்துடுறாரு. ஒழுக்கமா இருக்கற பொண்ணு கடைசி வரை தப்பிச்சு நிப்பா, குடிச்சு கூத்தடிக்கற பொண்ணு பாதிப்படத்துக்குள்ளயே காலி, அதானே ரூலுன்னு. அய்யா, அது கரோல் க்ளோவர்ங்கற அமெரிக்கப் பேராசிரியை 1987ல அமெரிக்க ஸ்லாஷர் படங்களை (கத்தியோட ஒருத்தன் வரிசையா எல்லாரையும் கொல்ற படங்க) வெச்சு எழுதுனது. நல்ல எழுத்து, நான் இல்லைன்னு சொல்லல, ஆனா அதை அப்படியே கொண்டு வந்து இங்கிலாந்துக்காரன் படத்து மேல ஒட்டுனா ஒட்டாது.

அங்க ரூல் வேற. ஒரு ரூம் இருக்கும். கட்டில்ல ஒரு பொண்ணு படுத்திருப்பா. சுத்தி கோட்டு போட்ட ஆம்பளைங்க, ஒருத்தர் டாக்டரு, ஒருத்தர் பாதிரியாரு, ஒருத்தர் புருஷனோ அண்ணனோ, எல்லாரும் அவளுக்கு என்ன ஆச்சுன்னு அவளைத் தவிர மத்த எல்லார்கிட்டயும் பேசிட்டிருப்பாங்க. பேய் யாரு, எங்கேர்ந்து வந்துச்சுங்கறதெல்லாம் ரெண்டாம்பட்சம். இந்த ரூம்ல பேசற உரிமை யாருக்கு, கடைசில ரத்தக்காட்டேரி நெஞ்சுல இறக்கற ஆப்பு யார் கையில இருக்கு, அதுதான் அந்த ஊரு ஹாரரோட முதுகெலும்புன்னு நான் நினைக்கறேன். (கீழ எல்லாப் படத்தோட க்ளைமாக்ஸும் உடைச்சிருக்கேன், பாக்காதவங்க பாத்துட்டு வாங்க.)

1958ல பேய்ப்படத்துக்குப் பேர் போன ஹேமர் கம்பெனி எடுத்த டிராகுலாவையே எடுத்துக்கோங்க, டெரன்ஸ் ஃபிஷர் டைரக்‌ஷன், டிராகுலாவா கிறிஸ்டோபர் லீ, அவனை வேட்டையாடற டாக்டர் வான் ஹெல்சிங்கா பீட்டர் குஷிங். அதுல லூசின்னு ஒரு பொண்ணு நோயாளியா படுத்திருக்கா, எல்லாரும் குட்நைட் சொல்லிட்டு போனதும் எந்திரிக்கறா, தோட்டத்துப் பக்கக் கதவைத் திறந்து வைக்கறா, கழுத்துல இருக்கற சிலுவையைக் கழட்டி வெச்சிட்டு திரும்பப் போய் படுத்துக்கறா. கத்தல் கிடையாது, யாரும் அவளைக் கட்டாயப்படுத்தல, அவ காத்திருக்கா, அவ்ளோதான். அந்தக் காலத்து இங்கிலாந்துல ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பொண்ணு படுக்கையில காத்திருக்கற மாதிரி வேற எந்தப் படத்துல இவ்ளோ தைரியமா காட்ட முடிஞ்சிருக்கும்னு சொல்லுங்க. அப்புறம் லூசியோட அண்ணி மினா, ராத்திரி வெளிய போயிட்டு காலைல கோட்டு காலரைத் தூக்கி விட்டுட்டு ஒரு சிரிப்போட வீட்டுக்குள்ள வருவா பாருங்க. ராத்திரி முழுக்க சுகமா இருந்துட்டு வர்ற முகம் வேணும்னு ஃபிஷர் அந்த நடிகை மெலிசா ஸ்ட்ரிப்ளிங்கிட்ட சொன்னதா ஒரு கதை ரொம்ப பிரபலம். முகத்தைப் பாத்தா நம்பலாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, வான் ஹெல்சிங்கும் மினாவோட புருஷனும் டிராகுலா உள்ள வந்துடக்கூடாதுன்னு ராத்திரி பூரா தோட்டத்துல குளிருக்குள்ள காவல் நிக்கறாங்க, ஆனா டிராகுலாவோட சவப்பெட்டி அதே வீட்டு நிலவறையில இருக்கு. மினாதான் அங்க வைக்க விட்டிருக்கா. வேலைக்காரியைக் கூட அங்க போகக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கா. ஆம்பளைங்க வெளில வேலி போட்டுட்டு நிக்கறாங்க, விஷயம் உள்ள நடந்துட்டிருக்கு. இந்த ஒரு காட்சிக்காகவே படத்தை எத்தனை தடவை வேணா பாக்கலாம். சென்சார்ல வெட்டுன சில துண்டுகள் ரொம்ப வருஷம் கழிச்சு 2011ல ஜப்பான்ல இருந்த ரீல்கள்ல கிடைச்சுது, அதுல ஒண்ணு டிராகுலா அழுகி உதிர்ற காட்சி, இன்னொண்ணு அவன் மினாவோட முகத்து மேல குனியற காட்சி. பொணம் உதிர்றதும், ஒரு கல்யாணமான பொண்ணு முத்தத்துக்கு முகத்தைக் காட்டறதும் சென்சாருக்கு ஒரே தராசு.

அதே ஃபிஷர் 1966ல எடுத்த டிராகுலா பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்ல இது இன்னும் கொடூரமா வரும். ரெண்டு அண்ணன் தம்பி, ரெண்டு பொண்டாட்டிங்க, ஊர் சுத்த வந்திருக்காங்க. அதுல மூத்தவன் பொண்டாட்டி ஹெலன், பார்பரா ஷெல்லி நடிச்சிருப்பாங்க. கழுத்து வரைக்கும் பட்டன், இழுத்துக் கட்டுன கொண்டை, எதுக்கெடுத்தாலும் முகம் சுளிக்கற டைப். அந்தக் கோட்டைக்குள்ள போகாதீங்க, இந்த இடம் சரியில்லைன்னு முதல்ல சொல்றது யாரு? அவதான். எல்லாரும் அவளை தொணதொணன்னு பேசறவ மாதிரி பாக்கறாங்க. சரியா சொன்னவ அவ ஒருத்திதான், முதல்ல மாட்டற பொண்ணும் அவதான். டிராகுலா கடிச்சதுக்கப்புறம் கொண்டை அவிழுது, சட்டைக் கழுத்து இறங்குது, குரலே மாறிடுது, இன்னொரு மருமகக்கிட்ட உன் புருஷன் உனக்கு எதுக்குங்கற தொனில பேசறா. படம் முழுக்க உயிரே இல்லாம இருந்தவளுக்கு செத்ததுக்கப்புறம்தான் உயிர் வருது.

அதுக்குத் தண்டனை என்னன்னா மடத்துல ஒரு மேஜை மேல அவளைப் போட்டு, அங்கி போட்ட சாமியாருங்க நாலா பக்கமும் கையையும் காலையும் அமுக்கிப் பிடிச்சுக்க, அவ திமிறத் திமிற நெஞ்சுல ஆப்பு இறக்கறாங்க. பாக்கறதுக்கு பேய் ஓட்டற மாதிரியே இருக்காது, வேற என்ன மாதிரி இருக்கும்னு நான் சொல்ல வேண்டாம். முடிஞ்சதும் முகம் சாந்தமாயிடுது, எல்லாரும் நிம்மதியாயிடறாங்க. பார்பரா ஷெல்லி இந்தப் படத்துல அவங்க போட்டிருந்த கோரைப்பல்லையே முழுங்கிட்டாங்களாம், மாத்துப் பல்லு கைவசம் இல்ல, உப்புத்தண்ணி குடிச்சு வாந்தி எடுத்து அதை வெளிய கொண்டு வந்து ஷூட்டிங்கை முடிச்சிருக்காங்க. இந்தம்மாவைத்தான் எல்லாரும் கத்துற அழகின்னு ஒரு வார்த்தைல ஒதுக்கிட்டுப் போனாங்க. லீக்கு அந்தப் படத்துல ஒரு வரி வசனம் கூட கிடையாது, மொத்தப் படத்தையும் தூக்கிச் சுமக்கறது ஷெல்லி.

1970ல, பெரியவங்க மட்டும் பாக்கலாம்னு சென்சார் குடுக்கற எக்ஸ் சர்டிஃபிகேட் வயசை 16ல இருந்து 18க்கு ஏத்துனாங்க, அதோட ஹேமர்ல துணி குறைய ஆரம்பிச்சுது. அதைப் புரட்சின்னு சொல்றவங்க இருக்காங்க. தி வேம்பயர் லவ்வர்ஸ்ல இங்க்ரிட் பிட் பொண்ணுங்களைக் காதலிக்கற ரத்தக்காட்டேரியா வர்றாங்க, அவங்க நிக்கற தோரணையே தனி, குழந்தையா இருக்கும்போதே நாஜி கேம்ப்ல இருந்து பொழைச்சு வந்தவங்க. ஆனா கேமரா யாருக்காகப் பாக்குதுன்னு குழந்தைக்குக் கூடத் தெரியும். கடைசில என்ன ஆகுது? அதே ரூம், அதே கோட்டு ஆசாமிங்க, இந்தத் தடவை ஆப்போட சேர்த்து தலையையும் வெட்டுறாங்க. ஆடை மாறுச்சு, ரூல் மாறல.

இதைவிட அசிங்கம் 1969ல ஃபிராங்கன்ஸ்டைன் மஸ்ட் பி டெஸ்ட்ராய்ட் படத்துல. ஷூட்டிங் நடந்துட்டிருக்கும்போது கம்பெனி முதலாளி ஜேம்ஸ் கரேராஸ் படத்துல செக்ஸ் பத்தாதுன்னு சொல்லி, ஸ்கிரிப்ட்லயே இல்லாத ஒரு வன்புணர்வுக் காட்சியைச் சேக்க வெச்சாரு. நடிச்ச வெரோனிகா கார்ல்சனுக்கும் இஷ்டமில்ல, ஃபிராங்கன்ஸ்டைனா நடிச்ச குஷிங்குக்கும் இஷ்டமில்ல. அதுக்கப்புறம் கதைல வர்ற காட்சிகளை ஏற்கனவே எடுத்து முடிச்சிட்டதால, அந்தப் பொண்ணு அடுத்தடுத்த சீன்ல எதுவுமே நடக்காத மாதிரி நடமாடிட்டிருப்பா. பொண்ணுக்கு நடந்தது கதைல ஒரு சுவடு கூட விடாதுங்கறதுக்கு இதைவிட அப்பட்டமான உதாரணம் எனக்குத் தெரியல, அதுவும் யாரும் யோசிச்சு வெச்ச உதாரணம் இல்ல, தானா விழுந்தது.

அந்த ரூமோட அதிகாரத்தையே சந்தேகப்பட்ட படம் ஒண்ணு 1960லயே வந்துச்சு, மைக்கேல் பவலோட பீப்பிங் டாம். கொலைகாரன் கேமரா ஸ்டாண்டுல கத்தி வெச்சிருக்கான், கூடவே ஒரு கண்ணாடி, சாகப்போற பொண்ணு தன் பயத்தைத் தானே பாத்துக்கிட்டே சாகணும். சரி இவன் ஏன் இப்படி ஆனான்? அவன் அப்பா ஒரு விஞ்ஞானி, பயத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்னு சின்னப் பையனைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பி பயமுறுத்திப் படம் பிடிச்சவரு. ஹேமர்ல கோட்டு போட்ட நிபுணர்தான் மருந்து, இங்க அதே நிபுணர்தான் நோய். அந்த அப்பாவா பவலே நடிச்சாரு, சின்னப் பையனா அவரோட சொந்த மகன். விமர்சகருங்க கிழிச்சு தொங்க விட்டாங்க, அந்த மனுஷனோட கேரியரே அதுக்கப்புறம் எந்திரிக்கல. கண்ணு தெரியாத அம்மா ஒருத்தங்கதான் அந்தப் படத்துல அவனைச் சரியா அடையாளம் காணறாங்க, அதையும் சொல்லியாகணும்.

தி விக்கர் மேன் பத்தி நிறைய பேரு எழுதிட்டாங்க, நான் ஒரே விஷயம் சொல்லிட்டு நகர்றேன். பலியாகற கன்னி அதுல, காணாமப் போன பொண்ணைத் தேடி ஒரு தீவுக்கு வந்த போலீஸ்காரன். பொண்ணைக் காப்பாத்த வந்த அதிகாரியைக் கொண்டு போய் பொண்ணோட இடத்துல வெச்சாங்க பாருங்க, அது செம. ஆனா அந்தத் தீவுலயும் சாட்டை கடைசில தீவை ஆளற லார்டு கைலதான் இருக்கு, பொண்ணுங்க ஆடறாங்க.

இப்ப நம்ம தலைமுறைப் படத்துக்கு வர்றேன், ஏன்னா இங்கதான் எனக்கு சண்டை. 28 டேஸ் லேட்டர், 2002. நவோமி ஹாரிஸ் நடிச்ச செலீனா, மெடிக்கல் விஷயம் தெரிஞ்சவ, கூட வந்தவனுக்கு மனுஷனை வெறிபிடிக்க வைக்கற வைரஸ் பட்டுடுச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே யோசிக்காம வெட்டித் தள்ளுறா. ஹீரோ முழிச்சிட்டு நிக்கறான். ஸ்ட்ராங் விமன் கேரக்டர்னா இதான்னு எல்லா லிஸ்ட்லயும் வரும். சரி, அதே படத்தோட கடைசிப் பகுதில என்ன ஆகுது? ராணுவத்துக்காரனுங்க கிட்ட மாட்டறாங்க, அந்த மேஜர் தன் ஆளுங்களுக்குப் பொண்ணுங்க கிடைப்பாங்கன்னு வாக்கு கொடுத்திருக்கான், செலீனாவுக்கு சிவப்பு கவுன் மாட்டி விடறாங்க, அதுவரைக்கும் அருவா பிடிச்ச கை சும்மா தொங்குது, ஹீரோ சட்டையில்லாம மழைல வந்து காப்பாத்தறான். முடிவுல அவ என்ன பண்றா? தையல் மெஷின்ல உக்காந்து துணி தெக்கறா! விமானத்துக்குக் காட்டறதுக்கு பேனர்தான், ஒத்துக்கறேன், வேலைக்கு ஆகற விஷயம்தான், ஆனா அந்தப் படத்தோட முதல் பாதில இருந்த பொண்ணை தையல் மெஷின் பக்கத்துல உக்கார வைக்கணும்னு யாருக்குத் தோணுச்சு? இதுக்கு இன்னொரு முடிவும் எடுத்திருக்காங்க, அதுல ஹீரோ ஆஸ்பத்திரில செத்துடுவான், செலீனாவும் அவங்க கூட வந்த சின்னப் பொண்ணும் துப்பாக்கியோட கதவைத் தள்ளிட்டு வெளிய நடந்து போவாங்க. டிவிடில இருக்கு, தேடிப் பாருங்க. அதுதான் உண்மையான படம், என்னைப் பொறுத்தவரை.

தி டிசென்ட் 2005ல வந்தப்ப ஆறு பொண்ணுங்க மட்டும், குகை, ஆம்பளை நிபுணரே கிடையாது. முதல்ல ஆணும் பெண்ணும் கலந்த குழுவாத்தான் டைரக்டர் நீல் மார்ஷல் யோசிச்சிருந்தாரு, அப்புறம் மாத்துனாரு. அந்த ஒரு மாத்தத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க: யாரையாவது காப்பாத்த, யார்கிட்டயாவது விளக்கம் கேக்க, எதுக்குமே ஆளில்ல. கால் எலும்பு வெளிய வந்ததும் அவளுங்களேதான் இழுத்துக் கட்டணும். ஆனா மனசுக்குள்ள ஒரு குறை இருக்கு, கடைசில சாராவும் ஜூனோவும் முட்டிக்கறதுக்கு அடியில கிடக்கறது சாராவோட செத்துப்போன புருஷன் விவகாரம்தான். எத்தனை அடி கீழ போனாலும் அந்தாளு விடமாட்டேங்கறான்.

இந்த ரூமைக் காலி பண்ணது யாருன்னு கேட்டா நான் டைரக்டர் ரோஸ் க்ளாஸோட செயின்ட் மாட்னுதான் சொல்லுவேன், 2019. கடலோர ஊரு, சாகக் கிடக்கற ஒரு பழைய டான்ஸரைப் பாத்துக்க வர்ற நர்ஸு மாட். கட்டில்ல ஒரு பொண்ணு, கரெக்டா? ஹேமர் செட்டப் அப்படியே. ஆனா டாக்டர், பாதிரி, பேயோட்டி, பேய் புடிச்ச பொண்ணு எல்லாமே மாட் ஒருத்திதான். செருப்புக்குள்ள ஆணி முனை மேல பாக்கற மாதிரி வெச்சு அதுல கால வெச்சு நடக்கறா, கேமரா அதைப் பக்கத்துல போய்க் காட்டுது, காட்டும்போது நம்ம பாதம் தானா மடங்குது. ஹேமர்ல பொண்ணு ஒடம்பைப் பாத்து யாரோ சப்புக்கொட்டுவாங்க, இங்க அந்த ஒடம்புக்குள்ள இருந்து வலிக்குது. அவகிட்ட கடவுள் வெல்ஷ் மொழில பேசறாரு, அந்தக் குரல் மாட்டா நடிச்ச மோர்ஃபிட் க்ளார்க்கோட சொந்தக் குரல், தாழ்த்தி வெச்சிருக்காங்க. அதிகாரத்தோட குரல் கூட வெளிலேர்ந்து வரல.

இதோட மென் படத்தை வெச்சுப் பாருங்க, 2022, அலெக்ஸ் கார்லண்ட். 28 டேஸ் லேட்டர் எழுதுனவர் அவர்தான், கவனிக்க. புருஷன் செத்ததுக்கப்புறம் ஒரு கிராமத்துக்கு வர்ற பொண்ணா ஜெஸ்ஸி பக்லி. அந்தக் கிராமத்துல எல்லா ஆம்பளையும் நடிகர் ரோரி கின்னியர் முகத்தோட வர்றாங்க, செத்துப்போன புருஷனுக்கு மன்னிப்பு கேக்க நீ வாய்ப்பு குடுத்தியான்னு பாதிரியாரு முழங்கால்ல கைய வெச்சுக்கிட்டே கேக்கறாரு. அந்த சீன் வரைக்கும் பிரமாதம், ஹேமர் பாதிரியாரை அப்படியே திருப்பிப் போட்டிருக்காரேன்னு நிமிர்ந்து உக்காந்தேன். அப்புறம் கடைசில ஆம்பளைங்க ஆம்பளைங்களைப் பெத்துக்கிட்டே வர்றாங்க, ஜெஸ்ஸி பக்லி கோடாலியை வெச்சுக்கிட்டு சும்மா பாத்துட்டு நிக்கறாங்க. நூறு நிமிஷப் படத்துல மறுபடியும் எல்லா வேலையும் ஆம்பளைக்கே குடுத்தாச்சு, கூட பிரசவத்தையும் சேத்து.